ராக்கெட் நேரலையில் "ஹோல்டு", "பிஎஸ்-2 நார்மல்", "கோஸ்டிங்", "இன்ஜெக்‌ஷன்" என்கிறார்களே, இதற்கெல்லாம் என்ன பொருள்?

கேள்வியின் சாரம் இது: இஸ்ரோ ஏவுதல் நேரலையை விடாமல் பார்க்கிறேன், வர்ணனையில் பாதிக்கு மேல் புரிவதில்லை, முக்கியமான சொற்களைப் பட்டியலாகத் தர முடியுமா?

பட்டியலாகத் தந்தால் நாளைக்கே மறந்துவிடும். அதற்குப் பதில், ஒரு பிஎஸ்எல்வி எக்ஸ்எல் ராக்கெட் கிளம்புவதிலிருந்து செயற்கைக்கோளை விடுவது வரை கூடவே போய்ப் பார்ப்போம். முக்கால்வாசிச் சொற்கள் வழியிலேயே வந்துவிடும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராக்கெட்டின் வேலை உயரே போவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உயரம் அதில் சின்னப் பகுதிதான். 500 கிமீ உயரத்தில் விழாமல் சுற்ற, பக்கவாட்டில் நொடிக்கு 7.6 கிமீ வேகம் வேண்டும். ராக்கெட் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும், எரிந்து தீர்ந்ததும் கழன்று விழும் அடுக்குகள். அந்த 7.6-ஐ எந்த அடுக்கு எவ்வளவு சம்பாதித்துத் தருகிறது என்பதுதான் வர்ணனை முழுக்க ஓடும் கணக்கு.

கவுண்ட்டவுனின் கடைசி நிமிடங்களில் கட்டுப்பாடு மனிதர் கையிலிருந்து கணினிக்கு மாறும். "ஆட்டோமேட்டிக் லாஞ்ச் சீக்வென்ஸ்" என்பது அதுதான். அழுத்தம், வெப்பநிலை, மின்னழுத்தம், வால்வுகளின் நிலை எல்லாவற்றையும் கணினி சரிபார்த்துக்கொண்டே வரும். ஒன்று வரம்பை மீறினாலும் கடிகாரத்தை நிறுத்திவிடும். அது "ஹோல்டு". மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான டிவி-டி1 சோதனையில், 2023 அக்டோபர் 21 அன்று, ஐந்து நொடி மீதம் இருக்கும்போது இப்படி நின்றது. காரணத்தைக் கண்டு சரிசெய்து அன்று காலை 10 மணிக்கே ஏவினார்கள். ஹோல்டு வந்தால் அன்றைய ஏவுதல் ரத்து என்று பொருளில்லை. "லாஞ்ச் விண்டோ" எனப்படும் நேர இடைவெளிக்குள் சரிசெய்ய முடியாவிட்டால்தான் ரத்து. அந்த இடைவெளி ஏன் என்றால், பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. நமக்கு வேண்டிய சுற்றுப்பாதையின் தளம் ஏவுதளத்துக்கு மேலே வரும் நேரம் கொஞ்சம்தான். வேறு செயற்கைக்கோள்கள் குறுக்கே வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இரு செயற்கைக்கோள்களை விண்ணில் இணைக்கும் ஸ்பேடெக்ஸ் ஏவுதலை (2024 டிசம்பர் 30) இரவு 9.58-லிருந்து 10 மணிக்குத் தள்ளியது இதற்காகத்தான்.

"லிஃப்ட்-ஆஃப்" ஆனதும் எரிவது பிஎஸ்-1, அதாவது முதல் அடுக்கு. சுமார் 138 டன் திண்ம எரிபொருள். எச்டிபிபி என்ற ரப்பர் போன்ற பாலிமரில் அலுமினியத் தூளும் ஆக்சிஜன் தரும் உப்பும் கலந்து வார்த்து இறுக வைத்தது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு ராக்கெட்டுகள் ஆறும் "ஸ்ட்ராப்-ஆன்", ஒவ்வொன்றிலும் 12 டன். நான்கு தரையிலேயே பற்றும், அதனால் "கிரவுண்ட்-லிட்". மீதி இரண்டு 25-வது நொடியில் வானில் பற்றும், "ஏர்-லிட்". முதல் நான்கும் 70-வது நொடி வாக்கில் கழன்று கடலில் விழும். திண்ம எரிபொருளைப் பற்றவைத்தபின் அணைக்க முடியாது, குறைக்கவும் முடியாது. எரிந்து தீர்ந்தால்தான் உண்டு. கடைசி நொடிவரை கணினி அத்தனை கெடுபிடி காட்டுவது இதனால்தான்.

ஏறத்தாழ 110-வது நொடியில் "பிஎஸ்-2 இக்னிஷன்". இது திரவ அடுக்கு, இதில் இருப்பது விகாஸ் என்ஜின். எரிபொருளும், அது எரிய ஆக்சிஜன் தரும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் ஒன்றையொன்று தொட்டதுமே தானாகப் பற்றிக்கொள்ளும் வகை. தீப்பொறியே வேண்டாம், அதனால் நம்பகத்தன்மை அதிகம். இரண்டுமே கடும் நஞ்சு, நிரப்பும் ஊழியர்கள் முழுக் கவச உடையில்தான் வேலை செய்ய வேண்டும். விகாஸ் என்ஜின்களைச் சோதித்துப் பார்ப்பது நம் திருநெல்வேலிப் பக்கத்து மகேந்திரகிரியில். கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனில் ஓடும் கிரையோஜெனிக் (சுருக்கமாக கிரையோ) என்ஜின்களுக்கும் அதுதான் சோதனைச்சாலை.

அடுத்து வருவது "ஹீட் ஷீல்டு செபரேஷன்". மூக்குப் பகுதியில் செயற்கைக்கோளை மூடியிருக்கும் 3.2 மீட்டர் அகல உறை, காற்று கிட்டத்தட்ட இல்லாத உயரம் வந்ததும் இரண்டாகப் பிளந்து விழும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் 2017 ஆகஸ்ட் 31 அன்று பிஎஸ்எல்வி-சி39 தோற்றது இதில்தான். உறை பிரியவில்லை. எல்லா என்ஜினும் சரியாகத்தான் எரிந்தது, ஆனால் ஒரு டன்னுக்கு மேல் வேண்டாத சுமையைக் கடைசிவரை இழுத்துப் போனது. சேய்மைப் புள்ளி, அதாவது பாதையில் பூமிக்கு மிகத் தொலைவான இடம், 20,650 கிமீ இருக்க வேண்டிய இடத்தில் 6,500 சொச்சம்தான் கிடைத்தது. செயற்கைக்கோளோ உறைக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடந்தது.

உறை விழுந்த சில நொடியில் "குளோஸ்டு லூப் கைடன்ஸ்" தொடங்கியது என்பார்கள். அதுவரை ராக்கெட் முன்பே எழுதிவைத்த சாய்வுகளின்படி போகும், அடர்ந்த காற்றில் இஷ்டத்துக்குத் திரும்பினால் உடல் முறிந்துவிடும். இனிமேல்தான் தன் இடத்தையும் வேகத்தையும் தானே அளந்து, இலக்குக்கு எப்படிப் போவது என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும்.

பிஎஸ்-2 முடியும்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4 கிமீ. பிஎஸ்-3 மறுபடி திண்ம அடுக்கு, ஏழரை டன் சொச்சம். அது முடிந்ததும் 6 கிமீ பக்கம் வந்துவிடும். இங்கே "சேம்பர் பிரஷர்" என்ற சொல் காதில் விழுந்தால் கவனியுங்கள், எரிகலனுக்குள் இருக்கும் அழுத்தம் அது. உந்துவிசை முழுக்க அதைப் பொறுத்தது. 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61 மூன்றாம் அடுக்கு எரியும்போது இந்த அழுத்தம் விழுந்தது, இஓஎஸ்-09 செயற்கைக்கோள் போயிற்று.

அதன்பின் "கோஸ்டிங்". என்ஜின் எதுவும் எரியாமல், எறிந்த கல் போல வந்த வேகத்திலேயே மேலேறுவது. திரையில் வேகம் கொஞ்சம் குறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம். உயரமாக மாறுகிறது, அவ்வளவுதான். சரியான உயரம் வந்ததும் பிஎஸ்-4-இன் இரட்டைச் சிறு என்ஜின்கள் மிச்ச வேகத்தைத் தந்து, கணினி சொன்ன நொடியில் அணையும். "கட்-ஆஃப்" அது. செயற்கைக்கோளை விடுவது "இன்ஜெக்‌ஷன்".

இந்தக் கடைசிக் கட்டம் எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு சிறு ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி-யின் முதல் பயணம் (2022 ஆகஸ்ட் 7) சாட்சி. 356 கிமீ வட்டப்பாதை திட்டம். கிடைத்தது 356-க்கு 76 கிமீ நீள்வட்டம். இரண்டாம் அடுக்கு பிரிந்த அதிர்வில், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் சில கணம் தாறுமாறாகக் காட்ட, அவை பழுதாகிவிட்டன என்று மென்பொருள் முடிவுகட்டி மாற்று வழிக்குப் போய்விட்டது. வேகத்தில் விழுந்த குறை நொடிக்கு நூறு மீட்டர்கூட இல்லை. 76 கிமீ-இல் காற்று இருக்கிறது, அங்கே நுழைந்த செயற்கைக்கோள் திரும்பி வராது.

இனி "ஐஎஸ்பி". ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ். ஒரு கிலோ எரிபொருள், ஒரு கிலோ எடைக்குச் சமமான உந்துவிசையை எத்தனை நொடி தாங்கும் என்ற அளவு, வண்டிக்கு மைலேஜ் மாதிரி. வெற்றிடத்தில் பிஎஸ்-1-க்கு 269 நொடி, விகாஸுக்கு 293, இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான எல்விஎம்3-இன் சிஇ-20 கிரையோ என்ஜினுக்கு 440-க்கு மேல். இதன் துணை "டெல்டா-வி", ஒரு வேலைக்குத் தேவைப்படும் வேக மாற்றம். கணக்கு இப்படி: ஐஎஸ்பி-யை 9.81-ஆல் பெருக்குங்கள். டெல்டா-வி-யை அதனால் வகுத்து, வந்த எண்ணை e-யின் (2.718 என்ற கணித எண்) அடுக்குக்குறியாகப் போட்டால், தொடக்க எடைக்கும் முடிவு எடைக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் ராக்கெட் விட்ட நீள்வட்டத்திலிருந்து 36,000 கிமீ வட்டத்துக்குப் போக நொடிக்கு 1,600 மீட்டர் வேண்டும், அதன் என்ஜின் ஐஎஸ்பி 310 என்று வைப்போம். 1,600-ஐ 3,041-ஆல் வகுத்தால் 0.526. விகிதம் 1.69. அதாவது ஏவும்போது இருந்த எடையில் நூற்றுக்கு 41 பங்கு எரிபொருளாகவே போய்விடும். "நான்கு டன் செயற்கைக்கோள்" என்று செய்தியில் வருவதில் உண்மையான கருவி எவ்வளவு என்று இப்போது தெரியும்.

கிரையோ இவ்வளவு நல்லதென்றால் எல்லா அடுக்கிலும் போடலாமே என்று தோன்றும். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, அடர்த்தி தண்ணீரில் பதினான்கில் ஒரு பங்கு. தொட்டி பெரிதாகும், எந்த இடுக்கிலும் கசியும். ஜிஎஸ்எல்வி-எஃப்10 (2021 ஆகஸ்ட் 12) விழுந்தது ஒரு வால்வின் மென்மையான அடைப்பு சேதமாகிக் கசிந்ததால். ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் குறைந்தது. தொட்டிக்குள் இருக்கும் பூஸ்டர் பம்ப் சரியாக ஓடவில்லை, என்ஜின் பற்றவில்லை.

கடைசியாக, நம் ஊருக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு சொல், "டாக்-லெக்". நாயின் பின்னங்கால் போல வளைந்த பாதை. வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்கு ராக்கெட் தெற்கே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு நேர் தெற்கே இலங்கை. கழன்று விழும் அடுக்குகள் ஊர்மேல் விழக்கூடாது என்பதால் முதலில் தென்கிழக்கே போய், தீவைத் தாண்டும்போது வலப்பக்கம் திரும்பும். கிழக்கே சேர்த்த வேகம் அத்தனையும் வீண், திருப்பவும் எரிபொருள் செலவு. 320 டன் பிஎஸ்எல்வி அதைத் தாங்கிக்கொள்ளும். 120 டன் எஸ்எஸ்எல்வி-க்கு மொத்தச் சுமையே 500 கிலோதான், அதில் பெரும் பங்கை இந்த வளைவு தின்றுவிடும். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு முதன்மைக் காரணம் இந்த வரைபடம்தான்.

அடுத்த நேரலையில் வர்ணனையை விடத் திரையில் ஓடும் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு கோடு எதிர்பார்த்த பாதை, இன்னொன்று டெலிமெட்ரி (ராக்கெட் ரேடியோவில் அனுப்பும் அளவீடுகள்) வழியே வரும் உண்மைப் பாதை. "நார்மல்" என்றால் இரண்டும் ஒட்டிப் போகின்றன என்றுதான் பொருள். எஃப்10 அன்று ஐந்தாவது நிமிடம் கடந்ததும் உண்மைக் கோடு தனியாகக் கீழே வளைய ஆரம்பித்தது. அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.