அழுத்தமானிக்குள் மங்கலும் அழுக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவருகே முக்குளிக்க நீருக்குள் இறங்கியதும், சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் மானியின் உட்புறம் மங்குகிறது. கரையேறிய பின் தெளிந்துவிடுகிறது. பழுதா? (பிடோக்)

படகின் மேல்தளத்தில் வெயிலில் சூடேறிய மானி, ஏறத்தாழ 29 பாகை வெப்பமுள்ள கடலில் இறங்கும்போது, அதனுள் அடைபட்ட ஈரக்காற்று முகப்பின் உட்புறத்தில் படிகிறது. மெல்லிய படலமாக வந்து மறைந்தால் கவனித்து வாருங்கள். துளிகள் உருண்டாலோ, காய்ந்தபின் வெள்ளைக் கறை தெரிந்தாலோ, கடல்நீரே புகுந்திருக்கிறது. அந்த மானியுடன் இனி இறங்காதீர்கள்.

முள்ளின் அடியில் பச்சைத் தூள் காணப்படுகிறது. (உட்லண்ட்ஸ்)

செம்பு கலந்த பாகங்களை உப்புநீர் அரித்திருக்கிறது. மானியை மாற்றுங்கள்.

காணொளி ஒன்றில் கண்டபடி பின்புற ரப்பர் அடைப்பைக் கழற்றி, அரிசியில் வைத்து உலர்த்தி, பசையால் ஒட்டிவிட்டேன். இப்போது தெளிவாக இருக்கிறது. சரிதானே? (செங்காங்)

சரியல்ல. மங்கலைப் போக்குவது எப்படி என்று கேட்கும் பலர், நீர் எந்த வழியாகப் புகுந்தது என்று கேட்பதே இல்லை. முள் சுழியத்துக்குத் திரும்புகிறதா என்றும் பார்ப்பதில்லை. 20 மீட்டர் ஆழத்தில் வெளியழுத்தம் சுமார் 3 பார், அதாவது மேற்பரப்பில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு. மேற்பரப்பில் கசியாத முத்திரை, அதாவது நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு, அங்கே கசியும். முகப்பைத் துடைத்ததால் அந்த வழி அடைபட்டுவிடாது.

அதைவிடக் கவலைக்குரியது நீங்கள் இட்ட பசை. மானிக்குள் வளைந்த தட்டைக் குழாய் ஒன்று உள்ளது; சிலிண்டரின் 200 பார் அழுத்தம் அதை நிமிர்த்த முயல்வதால்தான் முள் நகர்கிறது. உப்பு அரித்து அக்குழாய் கசிந்தால் காற்று கூட்டுக்குள் நிறையும். அப்போது தானே கழன்று காற்றை வெளியேற்றுவதற்காகவே அந்த ரப்பர் அடைப்பு பொருத்தப்பட்டுள்ளது. அதை ஒட்டிவிட்டால் அடுத்ததாகத் தெறிப்பது உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கும் முகப்பாக இருக்கலாம். அந்த மானியை, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரிலிருந்து கழற்றிவிட்டுப் புதிது வாங்குங்கள். காற்று எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் கருவியில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எந்த மானியானாலும், சிலிண்டர் வால்வைத் திறக்கும்முன் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், முகப்பை உங்களிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் திருப்பி வையுங்கள், மெதுவாகத் திறவுங்கள்.

மானி மங்கலாக இருக்கிறது. காரணம் என்ன? (ஜூரோங்)

உள்ளேயா, வெளியேயா? எண்ணெய் நிரப்பியதா, இல்லையா? இவற்றைக் குறிப்பிடாமல் பதிலை எதிர்பார்ப்பது முறையன்று. வெளிப்புறம் என்றால், கீறலோ, டீட் என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டியோ காரணமாகலாம். டீட் பிளாஸ்டிக்கை மங்கச் செய்யும், அந்த மங்கல் துடைத்தால் போகாது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், அதில் நீர் கலந்திருக்க வாய்ப்புண்டு.

வீட்டில் வாளியில் ஊறவைத்த பிறகே இந்தத் தொல்லை. நன்னீரும் கெடுக்குமா? (தெம்பனிஸ்)

முத்திரை கெட்டிருந்தால் நன்னீரும் புகும். ரெகுலேட்டரின் முதல்நிலையில் (சிலிண்டரில் பொருத்தும் பகுதி) உள்ள தூசிமூடியை உலர்த்தி இறுக்கிய பிறகுதான் ஊறவைத்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. மூடி இல்லாவிட்டால் முதல்நிலை வழியே, அதை மானியுடன் இணைக்கும் குழாய்க்குள் செல்லும் நீர், முகப்பில் எந்த அடையாளமும் காட்டாமலே மானியை உள்ளிருந்து அரிக்கும். ரெகுலேட்டரையும் மானியையும் பழுதுபார்ப்பவரிடம் ஒன்றாகவே கொடுங்கள்.

குழாயும் மானியும் சேருமிடத்தில் சிறு குமிழிகள் வருகின்றன. மங்கலுக்கும் இதற்கும் தொடர்புண்டா? (ஈசூன்)

பெரும்பாலும் இல்லை. அங்குள்ள சுழல் இணைப்பின் இரண்டு ஓ-ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) தேய்ந்திருக்கும். அடுத்த பயணத்துக்கு முன் மாற்றிக்கொள்ளுங்கள்.