சோலர் பம்பின் ட்ரைவில் சிங்கிள் பேஸ் மோட்டர் ஓடுமா?

கேள்வி: விசுவமடுவில் தோட்டம் செய்கிறேன். கிணற்றில் 3 குதிரைவலு திறீ பேஸ் மோட்டர், அதற்கு சோலர் பேனலும் 400 வோல்ற் ட்ரைவும் (பேனலின் டீசியை மோட்டருக்கு ஏற்ற ஏசியாக்கும் பெட்டி). காலை 11 மணிக்கெல்லாம் கிணறு வற்றிவிடும், அதற்குப் பிறகு பேனல் சும்மா வெயில் காய்கிறது. அந்தக் கரண்டில் மற்றக் கிணற்றில் இருக்கும் 1 குதிரைவலு சிங்கிள் பேஸ் மோட்டர், புல் வெட்டும் மெசின், முடிந்தால் வீட்டுப் பிரிட்ஜ் எல்லாம் ஓட்டலாம் என்று வயரிங் செய்பவர் சொல்லி, ட்ரைவிலிருந்து வெளியே போகும் மூன்று முனையில் யூ, வீ இரண்டிலும் அந்த மோட்டரைக் கொடுத்தார். ட்ரைவ் பிழை காட்டி நின்றது. உள்ளே ஏதோ மாற்றிவிட்டுத் திரும்பப் போட்டார். மோட்டர் உறுமியது, கண்டென்சர் வீங்கிப் போனது. ட்ரைவ் பழுதாகியிருக்குமா? ஒரு ட்ரான்ஸ்போமர் போட்டால் எல்லாம் சரிவரும் என்கிறார் கடைக்காரர். இன்னொன்று, கச்சானுக்குப் பன்றி வருகிறது. வேலிக்கும் இதிலிருந்து ஒரு வயர் எடுக்கலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில். வேலிக்கு எடுக்கக் கூடாது. ட்ரைவிலிருந்தும் கூடாது, வீட்டு லைனிலிருந்தும் கூடாது. பன்றிக்கு இழுத்த வயரில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், நீங்கள் அறியாததில்லை. பன்றி வருவது இரவில், சோலர் ட்ரைவ் ஓடுவது பகலில், அது வேறு கதை. வேலிக்கென்றே இருக்கும் பெட்டியை வாங்கி 12 வோல்ற் பற்றரியிலும் சின்னப் பேனலிலும் போடுங்கள். அது விட்டு விட்டு, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக அடிக்கும், அதனால்தான் ஆளைக் கொல்லாது. இதில் இனிக் கதையில்லை.

இப்போது மோட்டர். உங்கள் ட்ரைவில் நியூற்றல் என்று ஒன்று கிடையாது. யூவுக்கும் வீக்கும் இடையில் வருவது 400 வோல்ற் வகை கரண்ட், உங்கள் மோட்டரோ 230க்குச் செய்தது. அதுவே போதும் கெடுக்க. ஆனால் கண்டென்சரைக் கொன்றது அது மட்டுமில்லை. ட்ரைவிலிருந்து வெளியே வருவது மின்சார சபை லைனில் வருவதுபோல ஏறி இறங்கும் அலை இல்லை, செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடும் 600 வோல்ற் அளவுத் துடிப்பு. 40 மைக்ரோபரட் கண்டென்சர் ஒன்று 50 ஹேர்ட்ஸில் ஏறக்குறைய 80 ஓம் தடை காட்டும். அதே கண்டென்சர் 4000 ஹேர்ட்ஸ் துடிப்புக்கு ஒரு ஓம்தான் காட்டும், கிட்டத்தட்ட ஷோர்ட் அடித்த மாதிரி. வீங்காமல் என்ன செய்யும்?

சரி, கண்டென்சர் தாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். வெயிலுக்கு ஏற்ப உங்கள் ட்ரைவ் ஹேர்ட்ஸை, அதாவது மோட்டரின் வேகத்தை, கூட்டிக் குறைக்கும். முகில் ஒன்று வந்தால் 30க்கு இறங்கும். சிங்கிள் பேஸ் மோட்டர்கள் பலவற்றில் ஸ்டார்ட் சுற்றைக் கழற்றிவிட உள்ளே ஒரு சுவிச் இருக்கிறதே, அது முழு வேகத்தில் முக்கால்வாசி வந்தால்தான் திறக்கும். 30 ஹேர்ட்ஸில் அந்த வேகம் வரவே வராது, ஸ்டார்ட் சுற்று லைனிலேயே கிடந்து கருகும். பிரிட்ஜைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நியூற்றல் இல்லையே என்று பேனல் பக்கத்து டீசி மைனஸை நியூற்றலாக எடுத்துக் கொடுக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் ஏசியோடு சேர்த்து இருநூற்றுச் சொச்சம் வோல்ற் டீசியும் சுற்றுக்குள் போகும். அந்த வேலை செய்பவரை வளவுக்குள் விடாதீர்கள்.

ட்ரான்ஸ்போமர் விஷயத்தில் கடைக்காரர் முழுப்பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார். ட்ரைவிலிருந்து வெளியே வரும் துடிப்பை அலையாக்கும் பில்டர் ஒன்று, அதற்குப் பிறகு டெல்ரா–ஸ்டார் ட்ரான்ஸ்போமர் ஒன்று, அதன் ஸ்டார் நடுவை எர்த் பண்ணி நியூற்றலாக எடுத்து, ட்ரைவை 50 ஹேர்ட்ஸில் அசையாமல் நிறுத்தினால் சிங்கிள் பேஸ் கரண்ட் வரும். தொழிற்சாலையில் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் உங்கள் ட்ரைவுக்குப் பின்னால் இருப்பது வெயில். பற்றரி இல்லை. முகில் வந்தால் 50இல் நிற்க அதற்கு வழியில்லை, எல்லாம் சேர்ந்து விழும். பில்டர் இல்லாமல் வெறும் ட்ரான்ஸ்போமரை மட்டும் கட்டிவிட்டால் அது சூடேறிக் கத்தும், கடைக்காரர் அப்போது போன் எடுக்க மாட்டார். அந்தக் காசுக்கு வீட்டுக்கென்று தனியாக இரண்டு பேனல், ஒரு பற்றரி, சின்ன இன்வேட்டர் பாருங்கள். பிரிட்ஜ் அதில் ஓடட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: வயரிங் செய்பவர் உள்ளே மாற்றியது என்ன? நான் ஊகிப்பது, வெளியே போகும் மூன்று வயரில் ஒன்று அறுந்தால் மோட்டரை நிறுத்தும் காவலை அவர் நிறுத்தியிருக்கிறார். இரண்டு வயரில் மட்டும் சுமை போட்டால் ட்ரைவ் அந்தப் பிழையைத்தான் முதலில் காட்டும். அது நிறுத்தியபடியே கிடந்தால் நாளைக்கு உங்கள் நல்ல 3 குதிரைவலு மோட்டரின் வயர் ஒன்று எலி கடித்துப் போனாலும் ட்ரைவ் பேசாமல் ஓட்டும், மோட்டர் இரண்டு பேஸில் எரியும். கைநூலை எடுத்து அந்த இடத்தைத் தேடித் திரும்பப் போடுங்கள். ட்ரைவ் பழுதா என்று பார்ப்பதும் கஷ்டமில்லை. மோட்டர் வயரைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட விடுங்கள். வயர் அறுந்த பிழையைத் தவிர வேறு பிழை உடனே காட்டினால் உள்ளே போய்விட்டது. காட்டாவிட்டால் பழைய மோட்டரைக் கொடுத்து மூன்று வயரிலும் கிளாம்ப் மீற்றர் போட்டுப் பாருங்கள், மூன்றும் ஏறக்குறைய ஒரே அம்பியரில் இருக்க வேண்டும். வயரில் கை வைக்க முன்னர் டீசி சுவிச்சை நிறுத்தி, பெட்டியில் எழுதியிருக்கும் நிமிடம் வரைக்கும் பொறுங்கள். உள்ளே இருக்கும் கண்டென்சர் உடனே இறங்காது.

மற்றக் கிணற்று மோட்டருக்கு வழி மோட்டரை மாற்றுவதுதான். 1 குதிரைவலு திறீ பேஸ் மோட்டர் ஒன்றைப் போட்டு, ஒரு சேஞ்ச் ஓவர் சுவிச் வைத்து, ட்ரைவை நிறுத்திவிட்டு மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஓடும்போது சுவிச்சைத் திருப்பினால் ட்ரைவுக்கு ஆபத்து. சின்ன மோட்டருக்கெனத் தனி ஓவர்லோட் ரிலே ஒன்று கட்டாயம் வேண்டும். பெரிய மோட்டர் 5 அம்பியர் அளவில் எடுக்கும், சின்னது 2 அம்பியர். ட்ரைவ் 5ஐ மனதில் வைத்திருப்பதால் சின்னது 4 எடுத்து எரிந்துகொண்டிருந்தாலும் எல்லாம் நலம் என்றே காட்டும். புல் வெட்டும் மெசினுக்கும் இதே வழிதான், வெட்டும்போது வெயில் நன்றாக இருந்தால்.

இதெல்லாம் சரி. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் குழப்பியது மோட்டர் இல்லை, கிணறு. 11 மணிக்கு வற்றும் கிணற்றுக்கு 3 குதிரைவலுவை யார் தலையில் கட்டினார்கள்? 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்றதற்குப் பிறகு சோலர் பம்ப் விற்க வந்தவர்களில் பாதிப்பேர் கிணற்றை எட்டியே பார்ப்பதில்லை. ஏக்கரைக் கேட்பார்கள், பெரிய மோட்டர் ஒன்றைச் சொல்வார்கள். 3 குதிரைவலு, தூக்கும் உயரத்தைப் பொறுத்து, மணிக்கு 15,000 முதல் 20,000 லீற்றர் வரை இழுக்கும். ஊற்று அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் நீங்கள் இறைப்பது ஊறிக் கிடந்த தண்ணீரை, ஊறும் தண்ணீரை இல்லை. அடி வரைக்கும் திடுமென இறக்கும்போது கிணற்றுச் சுவரிலிருந்து மண்ணும் மணலும் ஊற்றோடு வந்து அடைக்கும், அடுத்த வருடம் 10 மணிக்கே வற்றும்.

எந்தக் கிணற்றிலும் மெதுவாக, நாள் முழுக்க இறையுங்கள் என்று நான் இருபது பேரிடம் சொன்னால் பதினெட்டுப்பேர் சிரிக்கிறார்கள், மண்ணெண்ணெய் பம்பில் இரண்டு மணித்தியாலத்தில் வேலையை முடித்துப் பழகிய பழக்கம். உங்களிடம் ட்ரைவ் இருக்கிறதே தம்பி, அது அதற்காகத்தான் இருக்கிறது! மேல் எல்லையை 50இலிருந்து 40 ஹேர்ட்ஸுக்கு இறக்குங்கள். தண்ணீர் 80 வீதம் அல்லது அதற்குக் கொஞ்சம் குறைய வரும், கரண்ட் அரைவாசிதான் போகும். தள்ளும் உயரம் 64 வீதத்துக்கு இறங்கும், ஆகவே வாய்க்கால் தலையில் தண்ணீர் வருகிறதா என்று நின்று பாருங்கள். வராவிட்டால் 43, 44 என்று ஏற்றி வரும் இடத்தில் நிறுத்துங்கள். வரும் தண்ணீரை நேரே பாத்திக்கு விடாமல் ஒரு தொட்டியில் சேர்த்து, பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகோ விடியவோ பாய்ச்சுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் நடுப்பகலில் பாய்ச்சினால் காற்றுக்கும் பங்கு கொடுக்கிறீர்கள். தொட்டிக்குச் செலவாகும்தான், ஆனால் ட்ரான்ஸ்போமருக்குப் போடவிருந்த காசு கையில் இருக்கிறதே. பேனல் மீதி நேரம் சும்மா இருந்தால் இருக்கட்டும், வெயிலுக்குப் பில் வருவதில்லை.

மற்றக் கிணற்றுக்கு மோட்டர் வாங்க முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு கிணற்றிலும் பம்பை நிறுத்தியதும் கயிற்றில் முடிச்சுப் போட்டு மட்டத்தைக் குறித்து, ஒரு மணித்தியாலம் கழித்து எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். 15 அடி அகலக் கிணற்றில் ஓர் அங்குலம் என்பது 400 லீற்றருக்குக் கொஞ்சம் கூட. 10 அங்குலம் ஏறினால் ஊற்று மணிக்கு 4,000 லீற்றர், அதற்கு 1 குதிரைவலுவே மிஞ்சும். அகலமும் அங்குலமும், 3 குதிரைவலு மோட்டரின் தகட்டில் இருக்கும் அம்பியரும் எழுதி அனுப்புங்கள், எத்தனை ஹேர்ட்ஸில் வைக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரைக்கும் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள்.