காலைல மிஸ்ஸிங் அடிக்கிற (எஞ்சின் விட்டு விட்டு ஓடுற) 25 வருஷப் பழைய கார்புரேட்டர் காருக்கு எந்த ஸ்பார்க் பிளக் வாங்குறது? கழட்டுன பிளக்க காட்டி அதே மாதிரி வாங்குனா போதுமா, இல்ல மெக்கானிக் சொல்ற மாதிரி இரிடியம் போடணுமா?

போதாதுங்க. கழட்டுன பிளக்க உள்ள போட்டது யாருன்னே உங்களுக்குத் தெரியாதே. பழைய வண்டின்னா நாலு கை மாறி வந்திருக்கும், ஒவ்வொருத்தரும் அன்னைக்குக் கைல கிடைச்சத மாட்டி ஓட்டியிருப்பாங்க. என் வண்டிய வாங்கி மொதல் தடவ பிளக் கழட்டுனப்ப மூணு சிலிண்டர்ல ஒரு நம்பர், நாலாவதுல வேற நம்பர், இதுல எத "அதே மாதிரி"ன்னு எடுத்துக்கறது? மேனுவல்ல என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாருங்க, மேனுவல் இல்லைன்னா பிளக் கம்பெனி கேட்டலாக்ல எஞ்சின் மாடலும் வருஷமும் வச்சு தேடுங்க. இரிடியமா சாதாவான்றதெல்லாம் அப்புறம், மொதல்ல நம்பர்.

அந்த நம்பர படிக்கத் தெரியாம நான் பட்டது இருக்கே. என்ஜிகே கம்பெனியோட பிபி6இஎஸ் போட்டிருந்தேன், தெனமும் ரெண்டு மூணு கிலோமீட்டர்தான் ஓட்டுவேன், எஞ்சின் சூடாகறதுக்குள்ள நிறுத்திடுவேன், அதனால பிளக்ல கரி பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒரு படி ஹாட் பிளக் போட்டா கரி எரிஞ்சிடும்னு படிச்சேன், என்ஜிகேல நடுவுல இருக்கற நம்பர் குறைஞ்சா ஹாட், ஆக 6க்கு பதிலா 5 வேணும். அது கிடைக்கல, பாஷ்னு இன்னொரு கம்பெனில டபிள்யூ5டிசி இருந்துச்சு, 5தானேன்னு வாங்கி மாட்டிட்டேன். பாஷ்ல கணக்கு அப்படியே தலைகீழ், அங்க நம்பர் குறைஞ்சா கோல்ட்! என்ஜிகே 6க்கு பாஷ்ல சமம் 7, டென்சோ கம்பெனில 20. நான் போட்ட 5 என்ஜிகே 8க்கு சமம், அதாவது ஒரு படி ஹாட்டா போகப் பாத்து ரெண்டு படி கோல்டா போயிருக்கேன். ஒரே வாரத்துல வண்டி ஸ்டார்ட்டே ஆகல, கழட்டிப் பாத்தா நாலும் அடுப்புக்கரி மாதிரி வந்துச்சு.

ஹாட் கோல்ட்னா தீப்பொறி சூடா வரும், கம்மியா வரும்னு அர்த்தமில்ல, பிளக்கோட மூக்கு (எஞ்சினுக்குள்ள இருக்கற முனை) வாங்குற சூட்ட எவ்ளோ வேகமா சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துதுன்றதுதான், மெதுவா கடத்துனா ஹாட், வேகமா கடத்துனா கோல்ட். மூக்கு கிட்டத்தட்ட 450, 500 டிகிரி செல்சியஸ தொட்டாத்தான் கரி தானா எரியும், 800, 850ஐத் தாண்டுனா பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும், பிஸ்டனுக்கு ஆபத்து. அதனால மேனுவல் சொன்ன படியிலயே நில்லுங்க, கரி பிடிச்சா மொதல்ல சோக் (குளிர்ல ஸ்டார்ட் பண்ண காத்த அடைக்கிற தகடு) முழுசா திறக்குதா, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கா, கார்புரேட்டர் பெட்ரோல அதிகமா ஊத்துதான்னு பாருங்க. எனக்குக் கடைசில சோக்தான் பாதி மூடியே நின்னுட்டு இருந்துச்சு, அத சரி பண்ணதும் அதே பழைய 6ஆம் நம்பர் பிளக்கே போதுமா இருந்துச்சு.

அடுத்தது மரை நீளம், எஞ்சினையே காலி பண்ணக்கூடியது இதுதான். பிபி6இஎஸ், பிபி6எச்எஸ் ரெண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், ரெண்டும் 14 மில்லிமீட்டர் மரை, ரெண்டும் அழகா உள்ள ஏறிடும். ஆனா இ-ன்னா மரை நீளம் 19 மில்லிமீட்டர், எச்-ன்னா 12.7. குட்டை மரை ஹெட்ல நீளமானத போட்டா பிஸ்டனோ வால்வோ வந்து முட்டலாம், முட்டலைன்னாலும் நீட்டிக்கிட்டு நிக்கிற மரைல கரி ஏறி அடுத்த தடவ கழட்டும்போது ஹெட் மரையையும் சேத்துப் பிச்சுட்டு வரும். பழசையும் புதுசையும் மேஜைல பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு மரைய ஒப்பிட்டுப் பாருங்க, பழசே மேனுவல் நம்பர்தானான்னும் பாத்துக்கங்க. வாஷர் வச்ச பிளக்கா, அடிப்பாகம் கூம்பா இருக்கற பிளக்கான்றதும் அப்பவே தெரிஞ்சிடும், அதுவும் மாறக்கூடாது.

கேப் (பொறி தாவுற ரெண்டு கம்பிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) விஷயத்துல "டப்பாலயே செட் பண்ணித்தான் வருது"ன்றத நம்பாதீங்க. நம்பருக்குப் பின்னாடி 11னு இருந்தா அது 1.1 மில்லிமீட்டர், பாயிண்ட் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ள கரண்ட்ட வெட்டி வெட்டி விடற சுவிட்ச்) வச்ச பழைய காயிலுக்கு அது அதிகம், மேட்டுல ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்கும். பாயிண்ட் வண்டிங்க பெரும்பாலும் 0.6லேர்ந்து 0.8க்குள்ளதான் கேக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடுங்க) வச்சு நாலையும் பாருங்க, வளைக்கறதா இருந்தா பக்கத்துக் கம்பிய மட்டும்தான், நடுக்கம்பிய தொடவே கூடாது.

இரிடியம் ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன், நடுக்கம்பி முனை ரொம்ப மெலிசா இருக்கறதால கம்மி வோல்டேஜ்லயே பொறி தாவும், தேயவும் நாளாகும். ஆனா உங்க காலை மிஸ்ஸிங்குக்குக் காரணம் தேஞ்ச பாயிண்டோ வெடிச்ச பிளக் வயரோ டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியில ஈரமோவா இருந்தா இரிடியம் என்ன செய்யும்? ஆயில் குடிக்கிற எஞ்சின்ல அதுவும் சாதா பிளக் மாதிரியேதான் நனைஞ்சு போகும். நானா இருந்தா சாதா நிக்கல் பிளக் நாலு வாங்கி ஒண்ணா மாத்துவேன். நம்பர்ல ஆர் இருந்தா உள்ள ரெசிஸ்டர் இருக்குன்னு அர்த்தம், ரேடியோல வர்ற இரைச்சல அடக்கறதுக்கு. உங்க வண்டிக்கு ஆர் இல்லாதது சொல்லியிருந்து ஆர் வச்சது கிடைச்சாலும் பெருசா பிரச்சன இல்ல, ஆர் கேக்கற வண்டிக்கு மட்டும் ஆர் இல்லாதத போடாதீங்க.

மாட்டும்போது எஞ்சின் நல்லா ஆறியிருக்கணும். பிளக் தலைல ஒரு துண்டு ரப்பர் ட்யூப சொருகி அதப் பிடிச்சு விரலால திருகுங்க, மரை கோணலா ஏறுச்சுன்னா ட்யூப் வழுக்கிடும், ஸ்பேனர்னா உங்களுக்குத் தெரியாமலே மரைய அறுத்துடும். கையால முழுசா உக்காந்ததும், புது வாஷர் பிளக்னா ஸ்பேனர்ல ஒரு அரைச் சுத்து, கூம்பு பிளக்னா சும்மா பதினாறுல ஒரு பங்கு சுத்து.

ஒரு ரெண்டு வாரம் நல்லா தூரமா ஓட்டிட்டு திரும்பக் கழட்டிப் பாருங்க. மூக்கு லேசான பழுப்புல இருந்தா சரியான பிளக்தான். ஒண்ணு மட்டும் ஆயில் பிசுக்கோட ஈரமா வந்தா அந்த சிலிண்டர்ல ரிங்கோ வால்வ் சீலோ போயிருக்கலாம், எந்த பிளக் போட்டாலும் அப்படித்தான் வரும், ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர்ல அழுத்தம் எவ்ளோ வருதுன்னு பாக்கற சோதனை) எடுத்து ரீடிங்க இங்கயே போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.