பழைய த்ரீ நாட் த்ரீ (.303) ரைபிள் மேல இருக்குற முத்திரை எல்லாம் என்ன?

கம்மவான்பேட்டைக்காரர் ஒருத்தர் கேட்டிருக்காரு, வேலூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல என்சிசி பாக்குறாராம். அவங்க டிரில்லுக்கு வெச்சிருக்குற பழைய ரைபிள்ல கிரீடம், ஜி.ஆர்.ஐ., 1942, அம்புக்குறி, டி.பி.னு ஏகப்பட்ட குத்து இருக்குது, பேரல்ல மட்டும் வேற வருஷம், கட்டையில கத்தியால போட்ட அஞ்சு கோடு வேற. அது எதிரிய சுட்ட கணக்கானு பசங்க கேக்குறாங்களாம்.

சார், மொதல்ல போல்ட் (தோட்டாவ உள்ள தள்ளிப் பூட்டுற இரும்புத் தண்டு) கைப்பிடிக்குக் கீழ, கட்டை சேர்ற இரும்பு வளையத்தப் பாருங்க. ஜி.ஆர்.ஐ.ன்னா ஜார்ஜ் ரெக்ஸ் இம்பரேட்டர், அதாவது ஜார்ஜ் மன்னர், சக்கரவர்த்தி. கிரீடத்தோட அது இருந்து கீழ இஷாபூர்னு போட்டிருந்தா கல்கத்தா பக்கத்துல இருக்குற ஃபேக்டரியில செஞ்சது. சுதந்திரத்துக்கு அப்புறம் கிரீடம் போயி ஆர்.எஃப்.ஐ.ன்னு வந்துது, ரைபிள் ஃபேக்டரி இஷாபூர். மார்க் த்ரீங்குற மாடல் பேர்ல மூணுக்குப் பக்கத்துல ஸ்டார் இருந்தா மேகசின் கட்-ஆஃப் தகடு (மேகசின்ல இருந்து தோட்டா மேல வராம தடுக்குறது) இல்லாத மாடல், மொத உலகப் போர் அவசரத்துல 1916 வாக்குல அத விட்டுட்டாங்க.

பேரல்ல வேற வருஷம் இருக்குறது தப்பில்ல, பேரல் தேஞ்சா கழட்டி புதுசு போட்டுருவாங்க, அதுக்கு அதோட வருஷம். கிரீடம், கீழ நம்பர், கீழ எழுத்துனு பொடிசா இருக்குறது ஒவ்வொரு இன்ஸ்பெக்டரோட அடையாளம், குறுக்குக் கொடி இருந்தா அதிக பிரஷர்ல சுட்டு டெஸ்ட் பண்ணது. அகல அம்பு சர்க்கார் சொத்துங்குறதுக்கு, கீழ ஐ இருந்தா இந்திய சர்க்கார் ஸ்டோர்ஸ் சொத்து. ரெண்டு அம்பு மூக்கோட மூக்கு முட்டினா சர்வீஸ்ல இருந்து வித்துட்டாங்கன்னு அர்த்தம்.

டி.பி.தான் உங்களுக்கு முக்கியம், டிரில் பர்ப்பஸ். சுடத் தகுதி இல்லைன்னு ஒதுக்கினது, போல்ட் நம்பரும் பாடி நம்பரும் சேராதது அதுல சகஜம், யார் சொன்னாலும் தோட்டாவ உள்ள வைக்க விடாதீங்க. அஞ்சு கோடு எந்த ராணுவ கணக்கும் இல்ல, யார் வேணா எப்ப வேணா கீறியிருக்கலாம், அத வெச்சு பசங்களுக்குக் கதை சொல்லாதீங்க.

கட்டையில பித்தளை வட்டம் இருந்தா அதுலதான் பட்டாலியன் பேரும், துப்பாக்கி அடுக்குற ராக்கோட நம்பரும் இருக்கும், பாதி ரைபிள்ல கழட்டிட்டாங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர்ப் பக்கம் வீட்டுப் பரண்ல பழைய துப்பாக்கியோட லாக் (சுடுறதுக்கு நெருப்புப் பத்தவைக்குற பாகம்) ஏதாவது கெடச்சு, அதுல இதயம் மாதிரி நாலு கட்டம் போட்டு வி.இ.ஐ.சி. எழுத்து இருந்தா அது கிழக்கிந்திய கம்பெனி முத்திரை. 1808 வாக்குல அதுக்குப் பதிலா கிரீடம் புடிச்ச சிங்கம் வந்துது. அப்படிப் பாத்தா 1806 ஜூலையில வேலூர் கோட்டையில கலகம் பண்ணக் கிளம்புன சிப்பாய்ங்க கையில இருந்த காலத்து முத்திரை இதயம்தான், அந்த மாதிரி ஒண்ணு கெடச்சா தயவுசெஞ்சு காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க.

படிக்க முடியலைன்னு உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, பித்தளை பாலிஷ் போடுற பிராசோவும் வேணாம், குத்து ஆழமே போயிடும். லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச பக்கவாட்டுல சாச்சுப் புடிங்க, இல்ல மெல்லிசு பேப்பர் வெச்சு பென்சிலால தேய்ங்க. எடுத்த நம்பர லெட்ஜர்ல இருக்குறதோட ஒப்பிடுங்க, மாறியிருந்தா உடனே பட்டாலியன் ஆபீஸுக்கு எழுதிடுங்க.