உரவாளி ஏன் நாறுகிறது, மின்கட்டணம் ஏன் குறையவில்லை?

கேள்வி: வீட்டில் சுற்றுச்சூழலுக்கு ஏற்றபடி வாழலாம் என்று மூங்கில் பிரஷ், துணிப்பை, ஸ்டீல் உறிஞ்சுகுழல் எல்லாம் வாங்கிவிட்டோம். கரன்ட் பில்லும் தண்ணீர்ச் செலவும் கொஞ்சமும் குறையவில்லை. சமையலறைக் கழிவை உரமாக்கப் பால்கனியில் வைத்த உரவாளி நாறுகிறது, புழுவும் வந்துவிட்டது. வீட்டில் அதைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். எங்கே தப்பு? எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: வாளியை முதலில் பார்த்துவிடுவோம், வீட்டில் சண்டையே அதை வைத்துத்தானே. எறிய வேண்டியதில்லை, ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம்.

நாற்றத்தில் இரண்டு வகை உண்டு. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடையோ சாக்கடை வாடையோ அடித்தால், உள்ளே காற்றே இல்லை என்று அர்த்தம். ஈரம் கூடி, இடைவெளியெல்லாம் தண்ணீரால் அடைபட்டு, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன. மூக்கில் சுருக்கென்று ஏறும் அம்மோனியா வாடை என்றால் நைட்ரஜன் கூடிவிட்டது. காய்கறித் தோலும் மிச்சம் மீதியும் கொட்டிக்கொண்டே வந்து, காய்ந்த பொருளைப் போடாமல் விட்டதன் விளைவு அது. புதிதாகத் தொடங்குபவர்கள் வாளியில் பெரும்பாலும் இரண்டு வாடையும் கலந்தே வரும், ஏனென்றால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: காய்ந்த பொருள் போதவில்லை.

கழிவை மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். காய்கறிக் கழிவில் அவ்வளவு கார்பன் கிடையாது, எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். காய்ந்த இலை, துண்டு துண்டாகக் கிழித்த அட்டைப்பெட்டி, நார்த்தூள், மரத்தூள் இவற்றில்தான் கார்பன் இருக்கிறது. இதற்காகத் தராசைத் தேட வேண்டாம். ஒரு கிண்ணம் ஈரக்கழிவு போட்டால், அதே கிண்ணத்தால் இரண்டு கிண்ணம் காய்ந்தது போடுங்கள். மரத்தூள் என்றால் பிளைவுட் தூள் கூடாது, அதில் பசை இருக்கிறது. பளபளப்பாக அச்சிட்ட தாளும் வேண்டாம்.

இப்போது இருக்கும் வாளியை ஒரு பழைய விரிப்பில் கவிழ்த்துக் கொட்டுங்கள். கட்டிகளை உடைத்துவிட்டு, கொட்டியது எவ்வளவோ அதே அளவு காய்ந்த இலையோ அட்டைத் துண்டோ சேர்த்துப் புரட்டுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்து, கையைத் திறந்ததும் உருண்டை அப்படியே நின்றால் ஈரம் சரி. ஒழுகினால் இன்னும் காய்ந்தது வேண்டும். உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாளியைத் திரும்ப நிரப்பும் முன் துளைகளைப் பாருங்கள். 20 லிட்டர் வாளிக்கு அடியில் எட்டுப் பத்துத் துளை, பக்கங்களில் இரண்டு மூன்று வரிசை, ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். அடித்துளைகள் தரையில் அப்பி அடைபட்டுப் போவதுதான் வழக்கமாக நடப்பது. இரண்டு செங்கல் மேல் வாளியைத் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டு வையுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அடிவரை கிளறிவிட்டால் போதும்.

புழு விஷயம். தடித்த, வளையம் வளையமாக, பழுப்பு வெள்ளையில் இருந்தால் அவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். பார்க்கச் சகிக்காது என்பதைத் தவிர அவற்றின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்த பொருள் கூடினால் எண்ணிக்கை தானாகக் குறையும். பொடிப் பொடியாகப் பறப்பவை பழ ஈக்கள். அவற்றின் முட்டை பழத்தோலோடுதான் உள்ளே வருகிறது. அதனால் ஒவ்வொரு முறை கழிவு போட்டதும், மேலே 3 சென்டிமீட்டர் கனத்துக்குக் காய்ந்த பொருளால் மூடிவிடுங்கள். எறும்பு வந்தால் ஈரம் குறைந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். இறைச்சி, மீன், பால் பொருள், எண்ணெய் மிதக்கும் மிச்சம் எதுவும் வாளிக்குள் போகக் கூடாது.

வாளி நிறைந்ததும் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கரும்பழுப்பாகி, மண்வாசனை வரும். எது தோல், எது இலை என்று அடையாளம் தெரியாமல் போனால்தான் உரம் தயார். சலித்து, ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு மண் கலந்து போடுங்கள். அரைகுறையாக மட்கியதைச் செடிக்குப் போட்டால், அது மட்குவதற்கே மண்ணில் இருக்கும் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். இலை மஞ்சளாகிப் போவது அதனால்தான்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும் கழிவு மீத்தேனை வெளிவிடுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 27 முதல் 30 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வாளியில் காற்றோட்டம் இருந்தால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. நாறும் வாளியோ குப்பைமேடு செய்வதையே சின்ன அளவில் செய்துகொண்டிருக்கிறது. நாற்றத்தைப் போக்குவது மூக்குக்காக மட்டும் இல்லை.

வெந்நீரில் போகும் மின்சாரம்

பில் குறையாததற்குக் காரணம், வாங்கிய பொருள் எதுவும் மின்சாரம் அதிகம் போகும் இடத்தைத் தொடவில்லை. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க 0.6 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). 9 வாட் எல்இடி பல்பை 67 மணி நேரம் எரிக்கலாம் அந்த மின்சாரத்தில். லைட்டை அணை, லைட்டை அணை என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு கீசரை நாள் முழுக்க ஓடவிடுவது பல வீடுகளில் நடக்கிறது.

2 கிலோவாட் கீசர் அந்த 15 லிட்டரைச் சூடாக்க 18 நிமிடம் போதும். குளிக்கப் போவதற்கு முன் போட்டு, சூடானதும் அணைத்துவிடுங்கள். எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் டேங்கின் சுவர் வழியே போகும் சூட்டை ஈடுகட்டத் திரும்பத் திரும்ப மின்சாரம் இழுக்கும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைக்கலாம். மிச்சம் பிடிக்கிறேன் என்று 45, 50 என்று இறக்க வேண்டாம். தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், அது நுரையீரலைத் தாக்கும். 60-க்கு மேல் ஏற்றினால் உப்புப் படிவு சீக்கிரம் சேரும். கீசர் கொதிகொதி என்று சத்தம் போட்டாலோ, முன்பைவிடச் சூடாக நேரம் எடுத்தாலோ காயிலில் உப்பு பிடித்திருக்கும். டெக்னீஷியனைக் கூப்பிட்டு அதைச் சுத்தம் செய்யும்போதே உள்ளே இருக்கும் ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கரைந்து தீர்ந்திருந்தால் அடுத்து அரிக்கப்படுவது டேங்க்.

ஷவரில் எவ்வளவு கொட்டுகிறது என்று அளந்துவிடுங்கள். கீழே வாளியை வைத்து, சரியாக ஒரு நிமிடம் திறந்து, எத்தனை லிட்டர் என்று பாருங்கள். 10 லிட்டருக்கு மேல் போனால், நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் விடும் ஷவர் தலையை மாட்டலாம். நிமிடத்துக்கு 12 லிட்டர் என்றால் ஐந்து நிமிடக் குளியலுக்கு 60 லிட்டர். 7 லிட்டர் தலையில் அது 35 ஆகிவிடும், மிச்சமாகும் 25 லிட்டரைச் சூடாக்கும் செலவும் போச்சு. அளக்காமல் வாங்கிவிடாதீர்கள். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் அழுத்தம் ஏற்கனவே குறைவாக இருந்தால் புதிய தலையில் வெறும் சொட்டுதான் வரும். உடனடியாகச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர்கள் பல குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் தண்ணீர் ஓடினால் பற்றவே பற்றாது.

ஆண்டு முழுக்க ஓடுபவை

ஃப்ரிட்ஜுக்கு ஓய்வே கிடையாது. உள்ளே 3 முதல் 5 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18. அதற்கு மேல் குளிர்ந்து பயனில்லை. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி, தாளை இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். பாதி நேரம் ரப்பரில் ஒட்டிய அழுக்குதான் காரணம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தால் சரியாகும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பின்பக்கம் சுவரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும். ஃப்ரீசரில் பனி 5 மில்லிமீட்டருக்கு மேல் கட்டினால் அணைத்து உருக விடுங்கள். கத்தியால் சுரண்டக் கூடாது. பைப்பில் ஓட்டை விழுந்தால் ஃப்ரிட்ஜோடு போகாது: பழைய ஃப்ரிட்ஜுகளில் குளிரூட்டுவதற்காக இருக்கும் ஆர்134ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், புதியவற்றில் இருக்கும் ஆர்600ஏ தீப்பற்றும். இதே காரணத்தால், பழைய ஃப்ரிட்ஜைப் பைப்பை அறுத்து எடுப்பவர்களிடம் கொடுக்காமல், வாயுவை முறையாக வெளியேற்றும் மின்கழிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

ஏசியை 26-ல் வைத்து ஃபேனைச் சேர்த்துப் போட்டால் உடம்புக்கு 24 மாதிரி இருக்கும். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, தோலில் காற்றை ஓட்டுகிறது, அவ்வளவுதான். ஆள் இல்லாத அறையில் அது ஓடுவது வீண். ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். வெயில் அடிக்கும் ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மறைப்பு வைப்பது நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டைத் திரை என்ன செய்துவிடும்?

அணைத்தது போலத் தெரிந்தாலும் ஸ்டாண்ட்பையில் மின்சாரம் இழுத்துக்கொண்டே கிடக்கும் சாதனங்களை மின்மீட்டரை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஃப்ரிட்ஜை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, வீட்டில் எதுவும் 'ஓடவில்லை' என்று நினைக்கும் நேரத்தில் மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்து, 10 விநாடிக்கு ஒருமுறை மினுக்கினால் சுமார் 112 வாட் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே போனால் குற்றவாளி அகப்படும், பெரும்பாலும் டிவியோடு இருக்கும் செட்டாப் பாக்ஸ். ஓயாமல் 10 வாட் எடுக்கும் சாதனம் ஆண்டுக்கு 88 யூனிட் தின்கிறது.

துணி துவைக்கும் இயந்திரத்தில் வெந்நீர் வசதி இருந்தால் எண்ணெய்க் கறைக்கும் நோயாளியின் துணிக்கும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மற்றதெல்லாம் குளிர்ந்த தண்ணீரிலேயே வெளுக்கும்.

தண்ணீர் எங்கே போகிறது

இரவு படுக்கும் முன் தண்ணீர் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, யாரும் குழாயைத் திறக்காமல் காலையில் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு இருக்கிறது. முதல் சந்தேகம் கழிவறை ஃபிளஷ் டேங்க் மேல்தான், ஏனென்றால் அது சத்தமில்லாமல் ஒழுகும். டேங்கில் கொஞ்சம் உணவு நிறத்தைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. தண்ணீரை நிறுத்தி, டேங்கைக் காலி செய்து, அதே அளவு வாஷர் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. பழைய டேங்குகள் ஒரு ஃபிளஷுக்கு 9 லிட்டருக்கு மேல் விடும். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை மிதவையில் இடிக்காதபடி உள்ளே நிறுத்தினால், ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல்லைப் போடும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அது கரைந்து, மணல் வாஷரில் சிக்கி, இல்லாத ஒழுகலை உண்டாக்கும்.

வாங்கிய பொருட்களைப் பற்றி

துணிப்பை நல்லதுதான், ஒரே பையைத் திரும்பத் திரும்ப எடுத்துப்போனால். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பருவநிலைத் தாக்கத்தை மட்டும் பார்த்தால்கூட ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். போகிற இடமெல்லாம் ஒரு துணிப்பை வாங்கி அலமாரியில் அடுக்குவது எதிர்விளைவுதான். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை எறிந்துவிட்டு ஸ்டீல் வாங்குவதும் அந்த ரகம். டப்பா உடையும்வரை மாவும் பருப்பும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், சூடானதை மட்டும் அதில் ஊற்றாதீர்கள்.

பிளாஸ்டிக்கின் அடியில் இருக்கும் முக்கோணம் அது எந்த வகை என்றுதான் சொல்கிறது, மறுசுழற்சி ஆகும் என்று உறுதி தரவில்லை. 1, 2, 5 எண் உள்ளவற்றை எடுத்துக்கொள்பவர்கள் பரவலாக உண்டு, அதுவும் அலசிக் காயவைத்துக் கொடுத்தால்.

'மட்கும் பிளாஸ்டிக்' என்று வரும் பைகளிலும் கோப்பைகளிலும் பலவற்றில் பிஎல்ஏ என்ற பொருள் இருக்கிறது. அது சிதைய வாரக்கணக்கில் 60 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூடு தொழிற்சாலைக் குவியலில் கிடைக்கும், 20 லிட்டர் வாளியில் கிடைக்காது. தானாகச் சூடேற ஏறக்குறைய ஒரு கன மீட்டர் குவியலாவது வேண்டும். உங்கள் வாளியில் போட்டால் ஆறு மாதம் கழித்தும் பை பையாகவே வெளியே வரும், களை விதைகளும் சாகாமல் முளைக்கும்.

கடைசியாக, துப்புரவு. பேக்கிங் சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவைக்கும் வீடியோக்களை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒன்று காரம், ஒன்று அமிலம். கலந்ததும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். தனித்தனியாக இரண்டும் உதவும்: எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா, உப்புக் கறைக்கு வினிகர் அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம். பளிங்கு, சுண்ணாம்புக் கல் தரையில் அமிலம் எதுவும் படக் கூடாது, பளபளப்பு போய்விடும். பிளீச் ஊற்றிய இடத்தில் வினிகரை ஊற்றினால் குளோரின் வாயு வெளிவரும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது ஆபத்து, ஒரே நாளில் இரண்டையும் கையில் எடுக்காதீர்கள்.