‘ஆஃப்டர்’ என்றால் முடிந்துவிட்டது: அயர்லாந்துக்காரர் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

அயர்லாந்தின் கார்க் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராகச் சேர்ந்திருக்கும் வாசகி கேட்கிறார்: “டியூட்டி மாறும்போது உடன் வேலை செய்பவர் ‘ஐ ஆம் ஆஃப்டர் கிவிங் ஹிம் த டேப்லெட்’ என்றார். கொடுத்துவிட்டாரா, இனிமேல்தான் கொடுக்கப் போகிறாரா? ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கித்தான் இங்கே வந்தேன். ஆனாலும் இவர்கள் பேசுவதில் பாதி பிடிபடவில்லை. நானும் இப்படியே பேசப் பழக வேண்டுமா?”

கொடுத்துவிட்டார். அதுவும் சற்று முன்பு. “இப்பத்தான் மாத்திரை கொடுத்தேன்” என்று நாம் சொல்வதற்குச் சமம் அது. தவறாகப் புரிந்துகொண்டால் நோயாளிக்கு இரண்டு முறை மருந்து போய்விடும். அதனால் இந்த வாக்கியம் காதில் விழும்போதெல்லாம் மருந்துப் பதிவேட்டைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் “கொடுத்தாயிற்றா?” என்று நேராகக் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இந்த வாக்கியத்தில் சொற்கள்தான் ஆங்கிலம், கட்டுமானம் அயர்லாந்தின் பழைய மொழியான ஐரிஷுடையது. ‘ஹேவ்’ போன்ற வினைச்சொல்லே ஐரிஷில் கிடையாது. புத்தகம் வைத்திருப்பவர் “என்னிடம் புத்தகம் இருக்கிறது” என்ற அமைப்பில்தான் சொல்வார், நம்மைப் போலவே. ஆகவே ‘ஐ ஹேவ் கிவன்’ என்ற வடிவத்துக்கு அந்த மொழியில் நேர் இணை இல்லை. இப்போதுதான் முடிந்த செயலைச் சொல்ல, ‘பிறகு’ என்று பொருள்படும் ‘தர் ஏஷ்’ என்ற தொடரைப் பயன்படுத்துகிறார்கள்: செய்த பிறகான நிலையில் நான் இருக்கிறேன் என்பது போல. அது அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்து ‘ஆஃப்டர்’ ஆயிற்று. லண்டனில் வளர்ந்தவருக்குக்கூட முதன்முறை கேட்கும்போது இது குழப்பும். உங்கள் ஆங்கிலத்தில் குறை என்று நினைக்காதீர்கள்.

இது எப்படி நடந்தது? 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். 1840களின் பெரும் பஞ்சம் ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிகளைத்தான் மிகக் கொடுமையாகத் தாக்கியது. சாவும் புலம்பெயர்வும் ஊர்களைக் காலி செய்தன. பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரே பிள்ளைகளை அதன் பக்கம் திருப்பினார்கள். அந்த ஆங்கிலத்தைப் பலரும் கற்றது, தாமும் ஐரிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமிருந்துதான். 2022 கணக்கெடுப்பில் கல்விக்கூடத்துக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 72,000 பேர் மட்டுமே. ஆனால் அந்த மொழியில் ஒரு வாக்கியம்கூடப் பேசாதவர் வாயிலும் அதன் இலக்கணம் வாழ்கிறது. ஒரு மொழி இவ்வளவு அடிபட்ட பிறகும் தன்னை விழுங்கிய மொழிக்குள் இப்படி ஊன்றி நிற்பது எனக்கு இன்றும் வியப்பு.

உங்கள் வேலையில் அடுத்து முக்கியமானது ‘டஸ் பி’. “ஹி டஸ் பி இன் பெய்ன் அட் நைட்” என்று மகள் சொன்னால், அப்பாவுக்கு இரவுதோறும் வலி வருவது வழக்கம் என்று பொருள். இந்த நிமிடம் வலிக்கிறது என்பதல்ல. ஐரிஷில் இப்போது இருப்பதற்கு ஒரு வடிவம், வழக்கமாக இருப்பதற்கு வேறொரு வடிவம். இந்த ஆங்கில வடிவம் முழுக்க அங்கிருந்து வந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு, பொருளில் குழப்பமில்லை. குறிப்பில் ‘இரவில் அடிக்கடி வலி’ என்று எழுதுங்கள்.

சில உங்களுக்கு எளிதாகவே வரும். ஐரிஷில் ஆம், இல்லை என்பதற்குத் தனிச்சொல் இல்லை. அதனால் “டிட் யூ ஈட்?” என்றால் வெறும் ‘யெஸ்’ சொல்வதைவிட “ஐ டிட்” என்பது அங்கே இயல்பு. “சாப்பிட்டீங்களா?” என்றால் “சாப்பிட்டேன்” என்கிறோமே, அதேதான். “இஸ் இட் டுமாரோ யூ ஆர் கோயிங்?” என்பது “நாளைக்குத்தான் போறீங்களா?” என்பதன் தொனி. “கம் ஹியர் டில் ஐ சீ யூ” என்றால் ‘நான் பார்க்கும்வரை’ அல்ல, ‘பார்க்கிறேன், வாங்க’ என்று பொருள். ஒருவர் உங்களிடம் “கிவிங் அவுட்” செய்தார் என்றால் எதையும் கொடுக்கவில்லை, திட்டினார்.

எல்லாவற்றுக்கும் ஐரிஷே வேர் என்று எண்ணிவிடவும் வேண்டாம். அலமாரியை ‘பிரெஸ்’ என்பது பழைய ஆங்கில வழக்கு. இங்கிலாந்தில் மங்கிப்போய் அயர்லாந்தில் தங்கிவிட்டது. துணியை ‘ஹாட் பிரெஸ்’ஸிலிருந்து எடுத்து வரச் சொன்னால், சுடுநீர்த் தொட்டி இருக்கும் அலமாரியைத் தேடுங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. புரிந்துகொள்வது அவசியம், பேசுவது கட்டாயமில்லை. பதிவேட்டில் எப்போதும் பொது ஆங்கிலத்திலேயே, நேரத்தோடு எழுதுங்கள். வேறு நாட்டிலிருந்து வந்த செவிலியரும் அதைப் படிப்பார். பேச்சில் தானாக ஒட்டிக்கொள்வது ஒட்டட்டும். ஒன்றில் மட்டும் கவனம்: கார்க்கில் நிறையக் கேட்கும் ‘யே’ என்பது பலரைப் பார்த்துச் சொல்வது. நம் ‘நீங்கள்’ போல மரியாதைக்காக ஒரே ஒரு பாட்டியிடம் அதைச் சொன்னால், கூட வேறு யாரைச் சொல்கிறீர்கள் என்று திரும்பிப் பார்ப்பார். அவருக்கு ‘யூ’ போதும். எந்தப் பெயரில் அழைத்தால் பிடிக்கும் என்பதை மட்டும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.