புரோஸ்டேட் சிறியதுதான், சிறுநீர் ஏன் தடைபடுகிறது?

கேள்வி: எனக்கு 66 வயது. பத்து ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. சிறுநீர் நூல் போல வருகிறது, இரவில் நான்கு முறை எழுகிறேன். ஸ்கேனில் புரோஸ்டேட் 32 கிராம், வீக்கம் லேசானதுதான் என்றார்கள். காப்பிக்கடை நண்பருக்கு 70 கிராம், ஆனால் ஒரு தொல்லையும் இல்லை. அப்படியென்றால் எனக்கு அடைப்பு இல்லையா?
- வாசகர், ஈசூன்

பதில்: ஐயா, கிராம் கணக்கை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. புரோஸ்டேட் எந்தப் பக்கமாக வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி அது. வெளிப்பக்கமாகப் பெருத்தால் பாதை திறந்தே இருக்கலாம். உங்கள் நண்பருக்கு அப்படி இருக்கக்கூடும். சிறிய சுரப்பியானாலும் ஒரு பகுதி மேலே பைக்குள் துருத்திக்கொண்டு வந்தால், முக்க முக்க அது வாயை மூடிக்கொள்ளும்.

இந்தத் துருத்தலை வயிற்று ஸ்கேனிலேயே அளக்கலாம், பையில் ஓரளவு சிறுநீர் இருந்தால் போதும். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் அடைப்புக்கு வாய்ப்பு அதிகம். நம் சிங்கப்பூர் பொது மருத்துவமனை மருத்துவர்கள் 2003-ல் இதைப் பற்றி ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் அறிக்கையில் இந்த அளவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது சிறுநீர் வேகச் சோதனை. புனல் வைத்த கருவியில் நீங்கள் வழக்கம்போல் போக வேண்டியதுதான். குறைந்தது 150 மில்லி போனால்தான் முடிவை நம்பலாம். அதற்காக வலிக்கும்வரை அடக்கி வைக்காதீர்கள், பை அளவுக்கு மீறி நிரம்பினாலும் வேகம் குறையும். உச்ச வேகம் விநாடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் பெரும்பாலும் அடைப்பு இருக்காது. 10-க்குக் கீழே என்றால் சந்தேகப்பட வேண்டும். போய் முடித்த கையோடு, பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்ப்பார்கள்.

உங்களுக்கு நீரிழிவு இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேகம் குறைவாக இருந்தாலே அடைப்பு என்று முடிவுகட்ட முடியாது. நீண்டநாள் நீரிழிவு, சிறுநீர்ப்பையின் நரம்பையும் தசையையும் தளர்த்திவிடலாம். தள்ளும் சக்தி இல்லாவிட்டாலும் நூல் போலத்தான் வரும். அந்த நிலையில் புரோஸ்டேட்டைச் செதுக்கி எடுத்தாலும் எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போகலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அழுத்த-ஓட்டச் சோதனை. சிறுநீர்ப்பையிலும் மலக்குடலிலும் மெல்லிய குழாய் வைத்து அழுத்தத்தை அளப்பார்கள். கொஞ்சம் அசௌகரியம்தான், எல்லாருக்கும் தேவையும் இல்லை. ஆனால் யாராவது உங்களுக்கு அறுவை சிகிச்சை என்று சொன்னால், இந்தச் சோதனை வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

இரவில் எழுவதற்கு அடைப்புதான் காரணம் என்றும் இல்லை. சர்க்கரை கூடினாலே சிறுநீர் அதிகம் சுரக்கும். மூன்று நாள், எத்தனை மணிக்கு எத்தனை மில்லி போனது என்று நோட்டில் எழுதி, பலதுறை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே சிறுநீர், சர்க்கரை, சிறுநீரக ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொண்டு, சிறப்பு மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை புரோஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கானது, அடைப்பை அது அளக்காது.

அப்புறம், சளிக்கு நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். மூக்கடைப்பு மருந்துகள் சில சிறுநீரை அடியோடு நிறுத்திவிடக்கூடும். அடிவயிறு வீங்கி, ஒரு சொட்டும் வராமல் போனால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.